கிரெடிட் கார்டு கடனுக்கு வழக்கு வந்தால் ஆர்பிட்ரேஷன் கேட்கலாமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருவர் கடிதத்தில் கேட்டது சுருக்கமாக இது: மூன்று வருடத்துக்கு முன் வேலை போனபோது ஒரு கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டுவது நின்றுவிட்டது. வங்கி அந்தக் கடனை இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த நிறுவனம் இப்போது 6,800 டாலர் கேட்டு வழக்குப் போட்டு, கோர்ட்டிலிருந்து தபாலில் சம்மன் வந்திருக்கிறது. "ஆர்பிட்ரேஷன் கேட்டால் அவர்களே கேஸை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்கிறார்கள். உண்மையா? உண்மை என்றால் எப்படிக் கேட்பது?"

ஆர்பிட்ரேஷன் என்றால் கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு தனியார் நடுவர் வழக்கைக் கேட்டு முடிவு சொல்வது. நீங்கள் கேள்விப்பட்டது பல நேரம் உண்மைதான். ஆனால் எல்லா கார்டுக்கும் இல்லை, எல்லாத் தொகைக்கும் இல்லை. தாமதமாகக் கேட்டால் பெரும்பாலும் இல்லவே இல்லை. ஆர்பிட்ரேஷன் உங்கள் கடனை அழித்துவிடாது. வழக்கு நடத்தும் செலவை எதிராளியின் தலையில் ஏற்றும், அவ்வளவுதான். கடன் தொகையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால் விலகுவார்கள், அல்லது இறங்கி வந்து பேசுவார்கள். கட்டுப்படியாகும் என்றால் நடுவர் முன்னால் வந்து உட்காருவார்கள். இந்தக் கணக்கு பிடிபட்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

கடன் வழக்கில் மாட்டியவர்களுக்காக ஆஜராகும் ஒரு சின்ன சட்ட அலுவலகத்தில் பல வருடமாக மனுக்கள் தயாரிக்கும் வேலை எனக்கு. வழக்கறிஞர் இல்லை. உங்கள் காகிதங்களை நேரில் பார்த்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னால் அதையே கேளுங்கள். வருமானம் குறைவு என்றால் லீகல் சர்வீசஸ் ஆஃப் நியூ ஜெர்சி போன்ற இலவச உதவி அமைப்புகளைக் கேட்டுப் பாருங்கள்; தகுதி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் தேதி. ஆர்பிட்ரேஷன் பற்றி யோசிப்பதற்கு முன்பே பதில் மனுவுக்கான கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. நியூ ஜெர்சியின் ஸ்பெஷல் சிவில் பார்ட்டில், அதாவது 20,000 டாலர் வரையிலான வழக்குகள் போகும் இடத்தில், 35 நாள். கலிபோர்னியாவில் 30 நாள். டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வெறும் 14 நாள். சம்மனிலேயே கெடு எழுதியிருக்கும். அதைப் பார்த்து காலண்டரில் குறித்துவையுங்கள். பியூ ஆய்வு நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, விவரம் கிடைத்த இடங்களில் கடன் வசூல் வழக்குகளில் 70 சதவீதத்துக்கு மேல் கடன்பட்டவர் தரப்பு வராமலேயே தீர்ப்பாகியிருக்கிறது. வழக்குப் போடும் நிறுவனங்களின் மொத்த வியாபாரமும் இதை நம்பித்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கில் வழக்குப் போடுவார்கள். பெரும்பாலானோர் பயந்துபோய் உறையைக் கூடப் பிரிக்க மாட்டார்கள். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு விழும். அப்புறம் சம்பளத்தில் பிடித்தம், வங்கிக் கணக்கில் பிடிப்பு. நியூ ஜெர்சியில் அப்படி ஒரு தீர்ப்பு 20 வருடம் உயிரோடு இருக்கும். ஆர்பிட்ரேஷன் கேட்டு எதிராளிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, கோர்ட்டில் எதுவும் தாக்கல் செய்யாமல் இருந்தாலும் கதி இதேதான். நீதிபதியின் மேஜைக்கு அந்தக் கடிதம் போகாது.

ஆர்பிட்ரேஷன் கேட்கும் உரிமை கார்டு ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பிரிவிலிருந்து வருகிறது. சரி, வங்கி எழுதிய ஒப்பந்தத்தில் உங்களுக்கு உதவும் அப்படி ஒரு பிரிவு எப்படி வந்தது? அது உங்களுக்காக வந்ததில்லை. ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தங்களைக் கோர்ட்டுகள் மதிக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 1925-லேயே வந்துவிட்டது. கார்டு கம்பெனிகள் அதைக் கையில் எடுத்தது, வாடிக்கையாளர்கள் ஒன்றுசேர்ந்து குழுவாக வழக்குத் தொடுப்பதைத் தடுக்கத்தான். அதோடு, வசூலுக்கும் அதையே பயன்படுத்தினார்கள். நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரம் என்ற அமைப்பிடம் கடன் வழக்குகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனார்கள். அந்த அமைப்புக்கும் கடன் வசூல் தரப்புக்கும் மறைமுகமான பணத் தொடர்பு இருக்கிறது என்று மினசோட்டா மாநில அட்டர்னி ஜெனரல் 2009 ஜூலையில் வழக்குத் தொடுத்தார். ஒரு வாரத்துக்குள், இனி நுகர்வோர் வழக்குகளை எடுப்பதில்லை என்று அந்த அமைப்பு ஒப்புக்கொண்டு விலகியது. அதே மாதத்தில் அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷனும், கம்பெனிகள் தொடுக்கும் நுகர்வோர் கடன் வசூல் வழக்குகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதன் பிறகு வசூல் கம்பெனிகளுக்குச் சாதாரண கோர்ட்தான் மலிவான வழி ஆனது. ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஆர்பிட்ரேஷனைத் தேர்ந்தெடுக்கலாம், ஒருவர் தேர்ந்தெடுத்தால் மற்றவர் கட்டுப்பட வேண்டும்" என்பது அதன் சாரம். யார் வேண்டுமானாலும் என்றால் நீங்களும்தான்.

கடனை வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் வழக்குப் போட்டிருப்பதே வங்கியின் இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லித்தான். பணம் கேட்க மட்டும் ஒப்பந்தம் வேண்டும், அதில் உள்ள ஆர்பிட்ரேஷன் பிரிவு வேண்டாம் என்று அவர்கள் சொல்வது எடுபடுவது கஷ்டம். பல ஒப்பந்தங்களில் கடன் கைமாறினாலும் இந்தப் பிரிவு செல்லும் என்றே எழுதியிருக்கும்.

இப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ஒப்பந்தம். முதலில் வழக்கு மனுவோடு இணைத்திருக்கும் காகிதங்களைப் புரட்டுங்கள். வாதியே ஒப்பந்தத்தை இணைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அது உண்மையானதா என்று அவர்கள் பிறகு கேட்க முடியாது. இல்லையென்றால், நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் வைத்திருக்கும் கார்டு ஒப்பந்தத் தொகுப்பில் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். காலாண்டு வாரியாகப் பழைய பிரதிகளும் இருக்கும். நீங்கள் கார்டு வாங்கிய நாளின் பிரதியைவிட, பணம் கட்டுவது நின்ற காலத்தில் நடைமுறையில் இருந்த பிரதிதான் வழக்கமாகப் பொருந்தும். வங்கிகள் இடையில் ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

எல்லா வங்கி ஒப்பந்தத்திலும் இந்தப் பிரிவு இருக்காது. பேங்க் ஆஃப் அமெரிக்கா, கேபிடல் ஒன், சேஸ், எச்எஸ்பிசி ஆகிய நான்கும் 2009-10 வாக்கில் ஒரு வழக்கின் சமரசத்தில், கார்டு ஒப்பந்தங்களிலிருந்து ஆர்பிட்ரேஷனை மூன்றரை வருடத்துக்கு எடுத்துவிட ஒப்புக்கொண்டன. சேஸ் 2019-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் "என் நண்பனுக்கு வேலை செய்தது" என்ற கதை உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவருடைய கார்டு வேறாக இருக்கும், இல்லை வருடம் வேறாக இருக்கும். பிரிவே இல்லையென்றால் இந்த வழி உங்களுக்குக் கிடையாது. நேரடியாக வழக்கை எதிர்த்து நிற்க வேண்டியதுதான்.

பிரிவு இருந்தால் அவசரப்படாமல் முழுதும் படியுங்கள். என் அனுபவத்தில் வழக்கு தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது சிறு வழக்கு விலக்கு. ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டில் தனிநபர் வழக்காக நடப்பவற்றுக்கு ஆர்பிட்ரேஷன் பொருந்தாது என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். சிலவற்றில் "அல்லது உங்கள் மாநிலத்தில் அதற்கு இணையான கோர்ட்" என்றும் சேர்த்திருப்பார்கள். அந்த ஐந்தாறு சொல்லை வைத்துத்தான், டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் நடக்கும் வழக்கு ஆர்பிட்ரேஷனுக்குப் போகாது என்று வாதியின் வழக்கறிஞர் வாதாடுவார். நியூ ஜெர்சியில் உங்கள் நிலைமை இன்னும் தெளிவு. ஸ்மால் க்ளெய்ம்ஸ் 5,000 டாலரோடு முடிகிறது. சம்மனில் வழக்கு எண்ணைப் பாருங்கள்: எஸ்சி என்று தொடங்கினால் ஸ்மால் க்ளெய்ம்ஸ், டிசி என்று தொடங்கினால் ஸ்பெஷல் சிவில் பார்ட்டின் வழக்கமான பிரிவு. 6,800 டாலர் வழக்கு டிசியில்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களைப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்தது, ஆர்பிட்ரேஷன் நடத்தும் எந்த அமைப்பிடம் போகலாம் என்பது. ஜாம்ஸ், அமெரிக்கன் ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் இரண்டும் எழுதியிருந்து தேர்வு உங்களுடையது என்றால் பெரும்பாலானோர் ஜாம்ஸைத்தான் எடுப்பார்கள். காரணம் கீழே வரும். அப்புறம் கட்டணம் பற்றிய பத்தி. சில வங்கிகள், நீங்கள் எழுத்தில் கேட்டால் உங்கள் பங்கையும் தாங்களே கட்டுவதாக எழுதியிருக்கும். கேட்டால்தான் கிடைக்கும். கடைசியாக ஒன்று: கார்டு வந்த புதிதில் "ஆர்பிட்ரேஷன் வேண்டாம்" என்று எழுதி விலகிக்கொள்ளும் உரிமை சில ஒப்பந்தங்களில் உண்டு. அப்போது நீங்களே விலகியிருந்தால் இப்போது கேட்க முடியாது.

இனி பணக் கணக்கு. இந்த விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஜாம்ஸின் நுகர்வோர் விதிப்படி, ஆர்பிட்ரேஷனை நீங்கள் தொடங்கினால் உங்கள் செலவு 250 டாலர் மட்டும். தாக்கல் கட்டணத்தின் மீதி, நிர்வாகக் கட்டணம், நடுவரின் ஊதியம் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. கம்பெனி தொடங்கினால் மொத்தமும் அவர்கள் செலவு. ஜாம்ஸ் நடுவர்களில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் நிறையப் பேர். மணிக்குப் பல நூறு டாலர் வாங்குபவர்கள். காகிதங்களைப் படிக்க, தொலைபேசியில் ஒரு முன்கூட்டம் நடத்த, விசாரணைக்கு உட்கார, தீர்ப்பு எழுத என்று மணிகள் கூடும். சின்ன வழக்குக்கே சில ஆயிரம் டாலர் ஆகிவிடும்.

மறுபக்கம் பாருங்கள். மத்திய வர்த்தக ஆணையம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கடனை வாங்கும் நிறுவனங்கள் ஒரு டாலர் கடனுக்குச் சராசரியாக 4 சென்ட்தான் கொடுத்திருக்கின்றன. அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால் உங்கள் 6,800 டாலர் கடனை 272 டாலருக்கு வாங்கியிருப்பார்கள். பழைய கடன் என்றால் இன்னும் மலிவு. கோர்ட்டில் நீங்கள் வராமல் இருந்தால் சொற்பச் செலவில் 6,800 டாலர் தீர்ப்பு. நீங்கள் வந்து ஆர்பிட்ரேஷன் கேட்டு, நீதிபதியும் உத்தரவிட்டுவிட்டால் அதே தீர்ப்புக்காக முதலில் ஆயிரக்கணக்கில் கையிலிருந்து போட வேண்டும். ஜெயிப்பது நிச்சயமும் இல்லை. இதே மாதிரி நூற்றுக்கணக்கான வழக்கு வைத்திருப்பவர் உங்கள் வழக்கை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். அதனால்தான் மூவாயிரம், ஐந்தாயிரம், எட்டாயிரம் என்ற அளவில், கடனை வாங்கிய நிறுவனம் வாதியாக இருக்கும் வழக்குகளில் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. வங்கியே நேரடியாக வாதி, தொகை இருபதாயிரம் முப்பதாயிரம் என்றால் கணக்கு மாறிவிடும். அங்கே கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்து நிற்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எப்படிக் கேட்பது என்றால், முதல் நாளிலிருந்தே ஒரே குரலில் கேட்க வேண்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்கன் எதிர் சன்டான்ஸ் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. டாகோ பெல் உணவகங்கள் நடத்தும் ஒரு கம்பெனி, ஊழியர் ஒருவர் போட்ட வழக்கை எட்டு மாதம் கோர்ட்டில் நடத்திவிட்டு, அப்புறம் திடீரென்று ஆர்பிட்ரேஷன் வேண்டும் என்றது. இப்படி வழக்கை நடத்திக்கொண்டே போனவர், உரிமையை விட்டுவிட்டாரா என்று பார்க்கும்போது, அதனால் எதிராளிக்குப் பாதிப்பு உண்டா என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது மத்திய கோர்ட்டுகளுக்கான தீர்ப்பு. மாநில கோர்ட்டுகளுக்கு அவரவர் அளவுகோல் உண்டு. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2013-லேயே, எவ்வளவு தாமதம், எத்தனை மனு போட்டார், கேட்காமல் வைத்திருந்தது தந்திரமா என்றெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறது. எந்த அளவுகோலாக இருந்தாலும் உங்களுக்குப் பாடம் ஒன்றே. வாதியிடம் ஆவணங்கள் கேட்டு நோட்டீஸ் விடுவது, கேள்விப் பட்டியல் அனுப்புவது, கடனின் நியாயத்தைப் பற்றி மனு போடுவது எல்லாம் கோர்ட்டில் வழக்கு நடத்துவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்றதும் ஆர்பிட்ரேஷனுக்குத் தாவ முடியாது.

ஆகவே பதில் மனுவிலேயே, எதிர்வாதங்கள் பகுதியில், "இந்த வழக்கு ஒப்பந்தத்தின் ஆர்பிட்ரேஷன் பிரிவுக்கு உட்பட்டது, பிரதிவாதி ஆர்பிட்ரேஷனைத் தேர்ந்தெடுக்கிறார்" என்று எழுதுங்கள். குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், போதிய விவரம் தெரியாது என்று உண்மைப்படி பதில் சொல்லுங்கள். சத்தியத்துக்கு உட்பட்ட காகிதத்தில் பொய் எழுதாதீர்கள். கார்டே வாங்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் கார்டு ஒப்பந்தத்தின் பிரிவைக் காட்டினால் இரண்டும் கெட்டுப்போகும். "கார்டு வைத்திருந்தேன், இந்தத் தொகையையும் வாதிக்குக் கடன் கைமாறியதையும் ஏற்கவில்லை" என்பது பலருக்கு உண்மையாகவும் இருக்கும், பாதுகாப்பாகவும் இருக்கும். நியூ ஜெர்சியில் வழக்கறிஞர் இல்லாதவர்கள் கோர்ட்டின் ஜெட்ஸ் என்ற இணைய வழியில் தாக்கல் செய்யலாம்.

அதே வாரத்தில் வாதியின் வழக்கறிஞருக்கு சர்டிஃபைட் மெயிலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். வழக்கு எண், கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ், எந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது போதும். கோபமும் விளக்கமும் வேண்டாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் காத்திருக்காமல் மோஷன் போடுங்கள்: ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும்படியும், அதுவரை வழக்கை நிறுத்திவைக்கும்படியும். இதற்கு மூன்று காகிதம் வேண்டும். கோரிக்கையைச் சொல்லும் மனு ஒன்று. உங்கள் உறுதிமொழி ஒன்று. அதில் ஒப்பந்தத்தை இணைத்து, இது இந்தக் கார்டுக்கு உரியது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும், எங்கே எடுத்தீர்கள் என்று சொல்ல வேண்டும். நீதிபதி கையெழுத்துப் போடத் தயாரான உத்தரவு வரைவு ஒன்று. உறுதிமொழியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் எடுத்த நாற்பது பக்கத்தைப் பின்னால் குத்திவிட்டால், இது எந்தக் கார்டுடையது என்று எதிராளி ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார். உங்கள் பழைய ஸ்டேட்மென்ட்டில் உள்ள வங்கிப் பெயர், கார்டு வகை, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள பெயர், தேதி எல்லாம் பொருந்துவதைக் காட்டுங்கள். வரைவு உத்தரவில், வழக்கைத் தள்ளுபடி செய்யவும் என்பதற்குப் பதில் நிறுத்திவைக்கவும் என்று கேட்பது நல்லது. 1925-ன் அந்த மத்தியச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு சொல்வது அதைத்தான். ஒரு தரப்பு நிறுத்திவைக்கக் கேட்டால் கோர்ட் தள்ளுபடி செய்யாமல் நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024-ல் ஸ்மித் எதிர் ஸ்பிசிரி வழக்கில் உறுதிசெய்தது.

நீதிபதி முன்னால் பேசும் நாளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எதற்காக ஆர்பிட்ரேஷன் கேட்கிறீர்கள்? இங்கேயே முடித்துக்கொள்ளலாமே?" வேலை போன கதை, வட்டிக் கொடுமை, கடன் கைமாறிய விதம் எல்லாவற்றையும் அங்கே கொட்டத் தோன்றும். கொட்டாதீர்கள். "ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் இந்த உரிமை இருக்கிறது. நான் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். சம்மன் வந்ததிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்." இவ்வளவு போதும். கடன் நியாயமா இல்லையா என்பதை நடுவர் பார்ப்பார். கோர்ட் இன்று தீர்மானிக்க வேண்டியது பிரிவு இருக்கிறதா, பொருந்துகிறதா என்பது மட்டும். விசாரணை நாளில் நியூ ஜெர்சி கோர்ட்டில் சமரசப் பேச்சுக்கும் அனுப்புவார்கள். அது வேறு, அதில் உட்கார்ந்து பேசலாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், கட்டணம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சமரசப் பேச்சு முடிந்ததும் ஆர்பிட்ரேஷனும் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

உத்தரவு கிடைத்த பிறகு என்ன? பலர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உத்தரவில் யார் தொடங்க வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று பாருங்கள். வாதி தொடங்க வேண்டும் என்றிருந்தால் அந்தக் கெடு வரை காத்திருக்கலாம். நீங்கள் தொடங்க வேண்டும் என்றிருந்தால் 250 டாலரைக் கட்டி, ஒப்பந்தத்தையும் கோர்ட் உத்தரவையும் இணைத்துத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். செய்யாமல் விட்டால் வாதி கோர்ட்டுக்குத் திரும்பி வந்து, இவர் காலம் கடத்தவே கேட்டார் என்பார். நிறுத்திவைத்த உத்தரவு நீங்கும். அதனால் அந்த 250 டாலரை ஒதுக்கிவைத்துவிட்டே இந்த வழியில் இறங்குங்கள். நீங்கள் தாக்கல் செய்ததும் ஜாம்ஸ் கம்பெனிக்கு பில் அனுப்பும். பல வழக்குகளில் அந்த பில்தான் திருப்புமுனை. வாதியின் வழக்கறிஞர் தொலைபேசியில் கூப்பிடுவார். அவர்கள் கட்டாமலே இழுத்தால் ஜாம்ஸ் கோப்பை மூடிவிட்டுக் கடிதம் தரும். அதை எடுத்துக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டில் கேட்கலாம்.

கட்டிவிட்டால்? அப்போது நிஜமாகவே வாதாட வேண்டும். நடுவர் முன்னால் சாட்சிய விதிகள் தளர்வு. கோர்ட்டில் செவிவழிச் சாட்சி என்று ஒதுக்கப்படும் கணினிப் பட்டியல்களை நடுவர் வாங்கிப் பார்க்கலாம். தோற்றால் மேல்முறையீட்டுக்கு இடம் மிகக் குறைவு. ஊழல், பட்சபாதம், அதிகார மீறல் போன்ற சில காரணங்கள்தான். அந்த முடிவைக் கோர்ட்டில் உறுதிசெய்துகொண்டால் அதுவும் மற்ற தீர்ப்பு மாதிரியேதான், சம்பளப் பிடித்தம் உட்பட.

இதனால்தான், ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தாலும் எல்லாருக்கும் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். வாதியின் காகிதங்கள் ஓட்டை என்றால் கோர்ட்டே உங்களுக்கு நல்ல இடமாக இருக்கலாம். நியூ ஜெர்சி மேல்முறையீட்டுக் கோர்ட் 2014-ல் நியூ செஞ்சுரி எதிர் ஓக்லா வழக்கில் சொன்னதன்படி, கடனை வாங்கியவர் இரண்டை நிரூபிக்க வேண்டும்: கடன் தங்களுக்கு உரியது என்பது, வங்கி அதை வராக்கடனாக எழுதியபோது எவ்வளவு பாக்கி என்பது. வங்கியிடமிருந்து முதல் நிறுவனம், அதனிடமிருந்து இரண்டாவது, அதனிடமிருந்து வாதி என்று கைமாறியிருந்தால் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் வேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டிலேயே ஜெயித்தவர்கள் உண்டு. அதேபோல் காலவரம்பு. நியூ ஜெர்சியில் ஆறு வருடம், டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் நான்கு, நியூ யார்க்கில் 2022 ஏப்ரல் முதல் மூன்று. உங்களுக்கு மூன்று வருடம்தான் ஆகிறது, அதனால் அந்த வாதம் இப்போது இல்லை. ஆனால் காலவரம்பு தெளிவாகக் கடந்துவிட்ட கடனுக்கு வசூல் நிறுவனம் வழக்குப் போடுவதே 2021 நவம்பர் முதல் மத்திய விதியை மீறுவது என்பதால், அப்படிப்பட்டவர் ஆர்பிட்ரேஷனுக்கு ஓடாமல் ஒரு வழக்கறிஞரிடம் போவது நல்லது. எதிர்க்கோரிக்கைக்கு வாய்ப்பு இருக்கும். இன்னொன்று, கார்டு கணவர் பெயரில், மனைவி கூடுதல் கார்டு வைத்திருந்தார் என்றால், கூடுதல் கார்டு மட்டும் வைத்திருந்தவர் பொதுவாகக் கடனுக்குப் பொறுப்பில்லை. அவர் பெயரையும் வழக்கில் சேர்த்திருந்தால் அதைத் தனியாக எதிர்க்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு அவர்கள் வந்தால் இரண்டு விஷயத்தில் கவனம். முதலாவது, எப்படி முடிக்கிறார்கள் என்பது. மறுபடி தொடுக்க இடம் விட்டு வாபஸ் வாங்கினால், காலவரம்பு முடியும்வரை இன்னொரு நாள் இன்னொரு வழக்கு வரலாம். கடனை வேறு யாருக்காவது விற்கவும் விற்பார்கள். அதனால் நீங்கள் ஏதாவது தொகை கொடுத்து முடிப்பதாக இருந்தால், மறுபடி தொடுக்க முடியாதபடி நிரந்தரமாக வழக்கு முடிகிறது என்ற வாசகம் எழுத்தில் வந்த பிறகே பணம் கொடுங்கள். தொலைபேசியில் வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். இரண்டாவது வரி. 600 டாலரோ அதற்கு மேலோ கடனைத் தள்ளுபடி செய்தால் 1099-சி படிவம் அனுப்புவார்கள். அந்தத் தொகை உங்கள் வருமானமாகக் கணக்கில் வரும். ஆனால் அப்போது உங்கள் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தது என்றால் 982 என்ற படிவத்தைச் சேர்த்து விலக்குக் கேட்கலாம். வேலை போயிருந்த காலம் என்கிறீர்கள், அதனால் இதைக் கணக்காளரிடம் மறக்காமல் கேளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், விசாவுக்கு இதனால் ஆபத்தா, ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால் வழக்கு என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். கார்டு கடன் சிவில் விவகாரம். கடன் பாக்கி என்பது குற்றம் ஆகாது, அதற்காகச் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் கோர்ட் நேரில் வரச் சொல்லி உத்தரவு போட்டு, அதை மதிக்காமல் விட்டால் அது வேறு பிரச்சினை. ஊருக்குப் போய்விட்டால் வழக்கு நின்றுவிடாது. சம்மன் பழைய அபார்ட்மென்ட் முகவரிக்குப் போகும், யாரும் பிரிக்க மாட்டார்கள், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு விழும். பல வருடம் கழித்துத் திரும்பி வந்து வேலையில் சேரும்போது சம்பளத்தில் பிடித்தம் தொடங்கும். அப்போதுதான் விஷயமே தெரியவரும். அப்படி விழுந்த தீர்ப்பை விலக்கக் கேட்கலாம், ஆனால் முறையாக சம்மன் வரவில்லை என்பதை நீங்கள் காட்ட வேண்டும். தகுந்த காரணத்தால் வர முடியவில்லை என்ற வகைக் கோரிக்கைக்கு நியூ ஜெர்சியில் ஒரு வருடம்தான் கெடு. உங்களுக்கு சம்மன் கைக்கே வந்துவிட்டது. கெடுவுக்குள் பதில் மனு போய்ச் சேரட்டும். ஒப்பந்தம் கிடைத்ததும் அந்த ஆர்பிட்ரேஷன் பிரிவை மட்டும், பெயரும் எண்ணும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். சிறு வழக்கு விலக்கு எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.